தளத்தில் ஐந்து ஓட்டை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் குடியிருக்கும் பிளம்பர் நான். 1989-இல், 19 வயதில், தாய்மாமாவோடு இந்த வேலைக்கு வந்தேன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வருடா வருடம் எனக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று, "பாத்ரூமுக்கு மேல தளம் ஒழுகுது". இன்னொன்று, "பாத்ரூம்ல சாக்கடை வாடை அடிக்குது". முதல் போன் வந்த வீட்டிலிருந்தே மூன்று நான்கு மாதம் கழித்து இரண்டாவது போனும் வருவதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டேன். ஒழுகலை நிறுத்தச் செய்த வேலைதான் வாடையைக் கொண்டுவருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வீடு கட்டுகிறவர்கள் மேல்தளத்துக்கு சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஆனையூரில் ஒரு வீடு. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு பாத்ரூம். மேலே துணி துவைக்க ஓர் இடம். ஒவ்வொன்றின் கழிவுக் குழாயிலிருந்தும் மொட்டை மாடிக்கு மேல் வரை தனித்தனியாகக் காற்றுக் குழாய் ஏற்றியிருந்தார்கள். அதாவது கான்கிரீட் தளத்தில் ஐந்து ஓட்டை. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த மழையில் இந்த வீட்டில் மூன்று குழாயைச் சுற்றித் தண்ணீர் இறங்கி, மேல்மாடிப் படுக்கையறைச் சுவர் ஊறிப்போனது. ஒழுகல் அடைக்கிறவர்களை வரவழைத்திருக்கிறார்கள். அவர்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்ற ஒன்றைத் தவிர மற்ற நான்கு குழாயையும் தட்டோட்டு (மாடித் தளத்தில் பதித்த ஓடு) மட்டத்துக்கு அறுத்து, வாயில் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே வெள்ளைப் பூச்சும் அடித்துவிட்டார்கள். "சும்மா நிக்கிற குழாய்தானே சார், இதுல தண்ணியா வருது?" என்று கேட்டார்களாம். வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது.

ஒழுகல் நின்றது. தை பிறந்ததும் வாடை ஆரம்பித்தது. பினாயில் ஊற்றியிருக்கிறார்கள், ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள், தரை ஜாலியை மாற்றியிருக்கிறார்கள், லாரி வைத்து செப்டிக் டேங்கையும் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து 16 பேர் வந்து தங்கியபோது இன்னும் மோசம். "எதிர்சேவை பார்க்க வந்த பிள்ளைக மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிட்டுச்சுக தம்பி. இனிமே யாரைக் கூப்பிட எனக்கு வாய் வரும்?" என்று அந்த வீட்டு அம்மா சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேல்மாடி பாத்ரூமில், தரை ஜாலிக்கு அடியில் இருக்கும் நஹானி டிராப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் கக்கூஸில் ஃபிளஷ் அடிக்கச் சொன்னேன். டிராப் குடுகுடுவென்று சத்தம் போட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், அதில் நிற்க வேண்டிய தண்ணீர் என் கண் முன்னாலேயே இறங்கியது. திருவிழாவில் ஏன் வாடை கூடியது என்று அப்போது அவர்களுக்கும் புரிந்துவிட்டது. 16 பேர் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் பக்கத்து டிராப் காலியாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தக் குழாய் எதற்கு நிற்கிறது என்பதை யாரும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்வதில்லை. தண்ணீர் வெளியேறும் ஒவ்வொரு துளைக்கும் அடியில் வளைவான ஒரு டிராப் இருக்கிறது. அதில் குறைந்தது 50 மில்லிமீட்டர், நம் கணக்கில் இரண்டு அங்குலம், தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை வாயுவுக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த இரண்டு அங்குலத் தண்ணீரைத் தவிர வேறு கதவு கிடையாது. ஃபிளஷ் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு ஓடும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னால் இருக்கும் காற்றை இழுக்கும். மேலே ஒரு வாய் திறந்திருந்தால் அது வழியாகக் காற்று வந்துவிடும். அந்த வாயை அடைத்தால் பக்கத்து டிராப் வழியாக இழுக்கும். இழுக்கும்போது அதில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

மாமா எனக்கு இதைப் பலசரக்குக் கடை எண்ணெய் டின்னை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் வார்ப்பிரும்புக் குழாய்க் காலத்து ஆள். சணல் திணித்து, ஈயம் காய்ச்சி ஊற்றி ஜாயிண்ட் போட்டவர். டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் குபுக் குபுக்கென்று விட்டு விட்டு ஊற்றும். எதிர்மூலையில் இன்னோர் ஓட்டை போட்டால் நூல் பிடித்த மாதிரி விழும். "ரெண்டாவது ஓட்டை எண்ணெய்க்கு இல்லடா, காத்துக்கு" என்பார். உங்கள் வீட்டுக் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமா? மொட்டை மாடியில் அதன் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு கீழே ஃபிளஷ் அடிக்கச் சொல்லுங்கள். புகை உள்ளே இழுபட்டால் குழாய் உயிரோடு இருக்கிறது.

உள்ளே வருவது வெறும் வாடை என்று நினைத்துப் பினாயிலோடு விட்டுவிடாதீர்கள். அதில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. செப்டிக் டேங்கில் இறங்குகிறவர்களைச் சாய்ப்பது இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். (மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்துவிட்டது. இன்னும் இறங்கச் சொல்கிற வீடுகளை நான் பார்க்கிறேன். அந்த வீட்டில் நான் வேலை செய்வதில்லை.) பாத்ரூமுக்குள் வருவது அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் நாள்பட்டால் மூக்கு பழகிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, வருகிற விருந்தாளிக்குத்தான் தெரியும்.

ஒழுகல் அடைத்தவர்களை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தளத்தில் ஓட்டை இருந்தால் ஒழுகும் என்ற அவர்களுடைய பயம் சரியானது. பிவிசி குழாய் வழவழவென்று இருக்கும். சிமென்ட் அதில் ஒட்டாது. போதாததற்கு, சூட்டில் நீளும். பத்தடிக் குழாய் 30 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீளக் கான்கிரீட் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் நீளும். மதுரை வெயிலில் பகலில் நீண்டு ராத்திரி சுருங்கி, சுற்றிப் பூசிய சிமென்ட் ஒரே கோடையில் குழாயைவிட்டு விலகிவிடும். மயிரிழை இடைவெளி போதும். தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்று ஒரு வாரம் ஆன பிறகும் அந்த இடைவெளி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கும். ஓர் ஓட்டையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து ஓட்டையை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஆகவே குழாய் ஐந்தும் வேண்டும், ஓட்டை ஐந்தும் வேண்டாம். தளத்துக்குக் கீழேயே காற்றுக் குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து, வெளியே போகும்போது ஒன்றாகப் போக வைக்க வேண்டும். செய்யலாம், செய்திருக்கிறேன், கஷ்டமும் இல்லை. ஆனால் எந்த உயரத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் ஒரு தடவை பெரிய தப்புச் செய்திருக்கிறேன்.

1998-இல் சம்மட்டிபுரத்தில் ஒரு வீடு. அடுத்தடுத்து இரண்டு பாத்ரூம். சுவரைக் கொத்தினால் டைல்ஸ் போய்விடும் என்று, இரண்டின் காற்றுக் குழாயையும் தரைக்கு அடியில், பள்ளத் தளத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டு ஒரே குழாயாக மேலே ஏற்றினேன். இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பாத்ரூமின் கழிவுக் குழாயில் அடைப்பு விழுந்திருக்கிறது. வழக்கமாக அடைப்பு விழுந்தால் தண்ணீர் தரையில் தேங்கும், வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிடுவார். இங்கே தேங்கவில்லை. அழுக்குத் தண்ணீர் காற்றுக் குழாய்க்குள் ஏறி, அது வழியாக அடுத்த பாத்ரூம் லைனுக்குப் போய் வெளியேறிக்கொண்டிருந்தது. காற்றுக்காக வைத்த குழாய் சாக்கடையாகிவிட்டது. அதில் தண்ணீர் ஓடும் வாட்டம் இல்லாததால் சோப்புக் கசடும் முடியும் படிந்து படிந்து அடைத்து, ஒரு நாள் இரண்டு பாத்ரூமும் சேர்ந்து எதிர்த்துக்கொண்டன. அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சடங்கு. பந்தல் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த நேரம். வீட்டுக்காரர் திட்டவில்லை. "ஏம்ப்பா, தெரிஞ்ச நீயே இப்படிச் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டார். தரையை உடைத்து என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் சடங்கு நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். அந்த மாடியில் பேசின், கக்கூஸ் மாதிரி தண்ணீர் விழும் சாமான்களில் எதன் விளிம்பு எல்லாவற்றையும்விட உயரமோ, பெரும்பாலும் வாஷ்பேசின், அதன் விளிம்புக்கு மேல் குறைந்தது ஆறு அங்குலம் தாண்டிய பிறகுதான் காற்றுக் குழாய் பக்கவாட்டில் படுக்கலாம். வாஷ்பேசின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலம் என்றால் 38-க்குக் கீழே படுக்கைக் குழாய் கூடவே கூடாது. அடைப்பு விழுந்தால் தண்ணீர் முதலில் பேசினிலோ தரையிலோ வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். காற்றுக் குழாய்க்குள் ஏறாது. நான் இன்னும் உயரமாக, ஏழடியில், வென்டிலேட்டருக்கு மேல்தான் படுக்க வைப்பேன். கீழ்வீட்டுக் காற்றுக் குழாயை மேல்வீட்டுக் குழாயோடு சேர்க்கும்போது பலர் ஏமாறுவது எங்கே என்றால், கீழ்வீட்டு பேசினை அளந்துவிட்டுக் கீழேயே சேர்த்துவிடுவார்கள். அளக்க வேண்டியது மேல்வீட்டு பேசின் விளிம்பை. மேலே அடைத்தால் அந்தத் தண்ணீர்தானே இறங்கும்.

படுக்கைக் குழாயை மட்டமாகவும் வைக்கக் கூடாது. மொட்டை மாடியில் குழாய் வாயில் மாட்டும் தொப்பி வழியாக மழைச் சாரல் விழும், குழாய்க்குள் ஆவியும் வேர்த்து நிற்கும். அந்த ஈரம் திரும்பக் கழிவுக் குழாயிலேயே இறங்கிப் போகும்படி, பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் கொடுக்க வேண்டும். நடுவில் எங்கேயும் தொங்கக் கூடாது. தொங்கிய இடத்தில் தண்ணீர் நின்றால் காற்று அதைத் தாண்டாது, குழாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் அடித்தால் தொங்காது. கிளாம்பில் மிச்சம் பிடிப்பவரை நான் நம்ப மாட்டேன்.

சேர்ந்த பிறகு குழாயின் அளவு பெரிதாக வேண்டும். கடைக்காரர் ரெட்யூசர் கொடுத்து மேலே சின்னதாக்கிவிடச் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு 4 அங்குலக் குழாயின் வாய், நான்கு 2 அங்குலக் குழாய்களின் வாய்க்குச் சமம். இரண்டு அங்குலக் குழாய் இரண்டைச் சேர்த்தால் 3 அங்குலமாக ஏற்றலாம். நான்கைச் சேர்த்தால் 4 வேண்டும். குழாய் வாங்கும்போது மேலே ஐ.எஸ். 13592 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏ, பி என்று இரண்டு வகை. ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுக்கு. காற்றுக் குழாய்க்கு ஏ வகை போதும் என்றாலும், படுக்கையாகப் போகும் இடத்துக்கு மட்டும் நான் பி வகையே போடுவேன். சுவர் கனம் கூடுதல், தொங்காது.

இதில் ஒரு வீட்டுக்கு ஒரு வழி. திருநகர் மாதிரி சுற்றிலும் இடம் விட்டுக் கட்டிய வீடு என்றால் தளத்தில் ஓர் ஓட்டை கூட வேண்டாம். சேர்த்த குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, வெளிச்சுவரிலேயே மேலே ஏற்றிவிடலாம். நான் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான். மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பாத்ரூம் வீட்டின் நடுவில் இருக்கும். அங்கே தளத்தைத் துளைத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் ஒரு முறை துளைத்தால் போதும். கீழ்வீட்டுக் குளியல் தண்ணீர் நேராக வெளியே போய்க் கல்லி டிராப்பில் (வீட்டுக்கு வெளியே தரையில் ஜாலி போட்டு வைக்கும் டிராப்) விழுகிறது என்றால், அந்தச் சின்ன லைனுக்குத் தனியாகக் காற்றுக் குழாயே தேவையில்லை. கல்லி டிராப்பில் காற்று கிடைத்துவிடும். அதற்கும் ஒரு குழாயை மொட்டை மாடி வரை இழுத்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

ஒரே ஓட்டை என்று முடிவான பிறகு அதை நல்ல இடமாகப் பார்த்துப் போட வேண்டும். மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வாட்டத்தில் உயரமான பக்கம் பாருங்கள். கம்பி கட்டும்போதே 6 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி வையுங்கள். அதன் வெளிப்பக்கம் பிவிசி ஒட்டும் சொல்யூஷன் தடவி, ஆற்று மணலைத் தூவிக் காயவிட்டால் சொரசொரப்பாகிக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும். தட்டோட்டுக்கு மேல் அரையடி அது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிக் கான்கிரீட்டில் கரை கட்ட வேண்டும். அதற்குள் 4 அங்குலக் காற்றுக் குழாய் ஒட்டாமல் சும்மா நுழைந்து நிற்கட்டும், வெயிலில் நீண்டு சுருங்கட்டும். கரைக்கு மேலே, அதைவிட அகலமான மூடி ஒன்றை நடுவில் வெட்டி, குடை மாதிரி கவிழ்த்துக் குழாயோடு ஒட்டிவிடுவேன். மழை குடைக்கு மேல் விழுந்து கரைக்கு வெளியே போய்விடும். நான் இப்படிப் போட்ட ஓட்டைகளில் இதுவரை ஒழுகல் என்று யாரும் கூப்பிடவில்லை.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊரில் மொட்டை மாடி ஆள் புழங்கும் இடம். வடகம் காயும், மிளகாய் காயும், சித்திரை வைகாசியில் குடும்பமே பாய் விரித்துப் படுக்கும். முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்ட குழாய் படுத்திருப்பவர் மூஞ்சியில்தான் ஊதும். நான் எட்டடி வைத்துத் தொப்பி மாட்டுவேன். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகவும் வாய் வரக் கூடாது. தொப்பிக்கு நைலான் வலை கட்டிவிட்டால் செப்டிக் டேங்கில் பெருகும் கொசு அது வழியாக வெளியே வராது. ஆனால் வலையில் தூசி ஏறி அடைத்துக்கொள்ளும். புரட்டாசியில் ஒரு தடவை ஏறிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மழைநீர்க் குழாயோடு காற்றுக் குழாயைச் சேர்த்து ஓட்டையை மிச்சம் பிடிக்கிறவர்களும் உண்டு. இது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. பெருமழையில் அந்தக் குழாய் நிறையத் தண்ணீர் ஓடும். காற்று எப்படிப் போகும்? அதோடு, 2003-லிருந்து நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடித் தண்ணீர் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் போகிறது. சாக்கடைக் குழாயை அதோடு பிணைத்துவிட்டு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கலாமா? இப்போது காற்றை உள்ளே மட்டும் விடும் ஒரு வழி வால்வும் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். குழாயை ஏற்றவே முடியாத மூலைக்கு அது உதவும். அது வாயுவை வெளியே விடாது என்பதால், வீட்டுக்கு ஒரு குழாயாவது வானம் பார்த்துத் திறந்தே இருக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் பாத்ரூமில் வரும் வாடை வேறு. கோடையில் டிராப் தண்ணீர் தானாக வற்றிப்போகும். அதற்குக் குழாய் வேலை எதுவும் வேண்டாம், வாரம் ஒரு தடவை இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

முன்பெல்லாம் மாடியில் நாலு குழாய் நின்றால் யாரும் கவலைப்படவில்லை. இப்போது வீட்டு மாடி சோலார் திட்டம் 2024-இல் தொடங்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. சுமார் 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். அளக்க வருகிறவர்கள் நடுமாடியில் நிற்கும் குழாயைப் பார்த்ததும் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு குழாயின் நிழல் தகட்டில் கோடாக விழுந்தாலே மின்சாரம் குறையும் என்பது உண்மை. உடனே மறுபடியும் ரம்பம் வருகிறது. போன வருடம் மட்டும் மூன்று வீட்டில், சோலாருக்காக அறுத்து மூடிய காற்றுக் குழாயைத் திரும்ப உயிர்ப்பித்தேன். அறுக்க வேண்டாம், தகட்டுக்கு வடக்கே ஒரே குழாயாகச் சேர்த்துக் கொண்டுபோங்கள். நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி நிழல் வடக்கே விழும் என்பதால் தகட்டுக்குத் தொந்தரவு இருக்காது.

பொறியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நான் வேலை பார்த்த வீடுகளில் வரைபடத்தில் குடிநீர்க் குழாய் இருக்கும், கழிவுக் குழாய் இருக்கும், சேம்பர் இருக்கும். காற்றுக் குழாயைக் காட்டிய வரைபடம் என் கைக்கு வந்தது அபூர்வம். கான்கிரீட் போட்ட பிறகு "அண்ணே, எங்க ஏத்தலாம்னு நீங்களே பார்த்துக்கங்க" என்பார்கள். அப்போது எந்த மூலை அகப்படுகிறதோ அங்கே கோர் கட்டிங் மெஷினை வைத்துத் துளைப்போம். கம்பி வந்தால் கம்பியும் அறுபடும். தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் பிளம்பிங்குக்கு என்றே தனிப் பகுதி இருக்கிறது. படித்தவர்கள் அதைப் புரட்டி, காற்றுக் குழாய் எங்கே சேர்கிறது, எங்கே வெளியே போகிறது என்று ஒரே ஒரு கோடு வரைந்து கொடுத்தால் எங்கள் பாதி வேலை முடிந்துவிடும். வீட்டுக்காரர்கள் அந்தக் கோட்டைக் கேட்டு வாங்குங்கள். சமையலறைக் கிரானைட் நிறத்துக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற நாம், இதற்கு ஐந்து நிமிடம் பேசலாம்.

ஆனையூர் வீட்டில் பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நின்றதால் வெளிச்சுவர் வழி கிடைக்கவில்லை. நான்கு பாத்ரூம் குழாய்களையும் துவைக்கும் இடத்துக் குழாயையும் மேல்மாடியில் ஏழடி உயரத்தில் சேர்த்து, தொட்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டையையே பெரிதாக்கி, 4 அங்குலமாக ஒன்றை மட்டும் ஏற்றினேன். வாய் தொட்டி மூடிக்கு நன்றாக மேலே இருக்கும்படி உயர்த்திவிட்டேன். அடைத்திருந்த நான்கு இடத்திலும் உள்ளே கிடந்த குழாய்த் துண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுருங்காத கலவை ஊற்றித் தட்டோடு பதித்தோம். துண்டை உள்ளேயே விட்டால் மறுபடி ஒழுகும். குழாய், பெண்டு, டீ, கிளாம்ப் எல்லாம் 5,800 ரூபாய். நானும் ஒரு பையனும் மூன்று நாள். கொத்தனார் கூலி தனி. வீடு கட்டும்போதே செய்திருந்தால் அரை நாள் வேலை, குழாயிலும் மிச்சம். ஐந்து குழாய்க்குப் பதில் ஒன்றுதானே மேலே போகிறது.

கடைசி நாள் சாயங்காலம் கீழே ஃபிளஷ் அடித்து, மேலே டிராப்பில் டார்ச் அடித்துப் பார்த்தோம். தண்ணீர் அசைந்தது, இறங்கவில்லை. அந்த அம்மாவையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

இந்தக் கடிதத்தோடு பென்சிலில் வரைந்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். எந்த உயரத்தில் சேர்க்கலாம், எங்கே சேர்க்கக் கூடாது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறேன். கடிதம் நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் எப்படியாவது போட்டுவிடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாரும் பிளம்பரும் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
ஜெய்ஹிந்த்புரம், மதுரை.